டீட்ரிக்கின் கிண்ணம்

நேட்டா டைக்ரோப்புக்கு "எனக்கு வேணும்" என்று சொல்ல வராது. சொன்னால் நாக்கு வெந்துவிடுமா என்ன? ஆனாலும் வராது. மேஜையில் கடைசித் துண்டு இறைச்சி மிச்சமிருந்தால் அவள் பார்வை ஜன்னல் பக்கம் போய்விடும். எங்கள் ஷோன்வால்டு கிராமத்தில் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். எதை நீட்டினாலும் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம். மூன்றாம் தடவையும் வற்புறுத்தினால், "சரி, நீ இவ்வளவு சொல்றதால" என்று வாங்கிக்கொள்வோம். நேட்டா மூன்றாம் தடவையும் வேண்டாம் என்பவள்.

கொர்னேலியுஸ் ஹீபெர்ட் அவளைப் பெண் கேட்டு வந்தபோது, தங்கை சாராவுக்கு அவன்மேல் ஒரு கண் என்று தெரிந்து, "அவளே கட்டிக்கட்டும்" என்று பால் கறக்கப் போய்விட்டாளாம். ஊரில் இப்படி ஒரு பேச்சு உண்டு. சாராதான் அவனைக் கட்டினாள், நேட்டா இன்றுவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பதெல்லாம் உண்மை. பால் கறக்கப் போன கதை எவ்வளவு உண்மை என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

நான் சூஷ் கீஸ்பிரெக்ட். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குப் பக்கத்து வீடு. புருஷன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாகிறது. நேட்டாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் என் காரில்தான் இருவரும் டவுனுக்குப் போவோம். அங்கே சபைகள் சேர்ந்து நடத்தும் பழைய சாமான் கடையில் எங்களுக்கு வேலை. சம்பளம் கிடையாது. விற்கிற காசு தூரதேசத்தில் பட்டினி கிடப்பவர்களுக்குப் போகிறது. இறந்தவர்கள் வீட்டுச் சாமான், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன உடுப்பு எல்லாம் பின்கட்டு மேஜைக்கு வந்து சேரும். நான் துணி பிரிப்பேன், அவள் பாத்திரம் பிரிப்பாள். நடுவில் சூரியகாந்தி விதை இருக்கும். கொறித்துக்கொண்டே பிரித்தால் எந்த மூட்டையும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. பின்கட்டில் வேலை செய்கிறவர்கள் எந்தச் சாமானையும் நேரே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு முழு நாள் கடை அலமாரியில் இருக்க வேண்டும். யாரும் வாங்காமல் மிஞ்சினால்தான் மறுநாள் நாங்கள் காசு கொடுத்து வாங்கலாம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே நேட்டாதான். "நல்லதையெல்லாம் நாமளே பொறுக்கிட்டு ஓட்டையை வெளிய வெக்கறதா?" என்று கேட்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள், நான் உட்பட. மடச்சி நான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவின் வாஃபிள் அச்சு அந்த மேஜைக்கு வந்தது. என் அண்ணன் பிள்ளைகள் அது என்ன ஏது என்று தெரியாமல் போட்டுவிட்டார்கள். இதய வடிவம் போட்ட இரும்பு அச்சு. அதில் சுட்ட வாஃபிளைத் தின்றுதான் நான் இப்படி உடம்பு போட்டேன். பார்த்ததும் துணி மூட்டைக்கு அடியில் தள்ளிவிட்டேன். நேட்டா பேசாமல் வந்து அதை எடுத்துத் துடைத்து, கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். "நாளைக்கு இருந்தா வாங்கிக்கோ சூஷ்" என்றாள். நாளைக்காவது இருக்கிறதாவது! ஒரு மணி நேரத்தில் வின்னிபெக் நகரத்திலிருந்து வந்த ஒரு கம்பளிக் கோட்டுக்காரி கொத்திக்கொண்டு போய்விட்டாள். சுவரில் மாட்டப் போகிறாளாம், சுவரில்! மூன்று வாரம் நேட்டாவை என் காரில் ஏற்றிக்கொண்டு போய் வந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த எரிச்சல் வெகுநாள் என் வயிற்றில் கிடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிறதற்கு இது வேண்டும்.

இப்போது கிண்ணத்துக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளையும் மேஜையில் தன் இடத்தில் தன் கிண்ணத்தை வைத்துவிட்டுப் படுக்கப் போகும். விடிந்தால் அதில் தோலோடு வேர்க்கடலை, மிட்டாய், மிளகு பிஸ்கட்டு, ஒரு ஆரஞ்சுப் பழம் இருக்கும். டைக்ரோப் வீட்டில் நான்கு பிள்ளைகள். ஆப்ராம், நேட்டா, சாரா, கடைக்குட்டி டீட்ரிக். நான்கு எனாமல் கிண்ணம், வெள்ளையில் நீலக் கரை. டீட்ரிக்கின் கிண்ணத்தில் மட்டும் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு எனாமல் உதிர்ந்திருக்கும். தண்ணீர் பம்பில் போட்டு இடித்தது. அடியில் ஆணியால் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்திருந்தான்.

எட்டு வயதில் அந்தப் பயல் ஒரு காரியம் செய்தான். கிண்ணம் சின்னதாக இருக்கிறதே என்று மாட்டுக் கொட்டகையிலிருந்து பால் வாளியைத் தூக்கிவந்து தன் இடத்தில் வைத்துவிட்டுப் படுத்தான். ஊரே இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை. ஆனால் அவன் அப்பா சிரிக்கவில்லை. பேராசை பாவம் என்று புரியவைக்க வேண்டுமாம். விடிந்து டீட்ரிக் எட்டிப் பார்த்தால், அவ்வளவு பெரிய வாளியின் அடியில் ஒரே ஒரு வெங்காயம். அக்காமார்கள் தங்கள் கடலையில் பங்கு கொடுக்கப் போனதையும் அப்பா தடுத்துவிட்டார். நேட்டாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "அவன் அழவே இல்லடி, வெங்காயத்த எடுத்து சட்டைப் பையில போட்டுக்கிட்டான்" என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவள் கண் கலங்கும்.

பத்தொன்பது வயதில் அவன் ரேடியோ வைத்த பழைய கார் ஒன்றை வாங்கிவந்தான். எங்கள் சபைக்கு அந்த நாளில் ரேடியோ ஆகாது. "பாட்டுப் பாடுற வண்டி என் முற்றத்துல நிக்காது" என்றார் அப்பா. "அப்ப நானும் நிக்கல" என்றான் மகன். அதே வண்டியில் மேற்கே மரம் வெட்டப் போனவன்தான். முதல் வருஷம் ஒரு தபால் அட்டை போட்டான். அப்புறம் அதுவும் இல்லை. அப்பா செத்ததற்கும் வரவில்லை, யார் போய்ச் சொல்வது? அவன் அம்மா மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் கிண்ணத்தை அவன் இடத்தில் வைத்தாள். விடியலில் நிரப்பினாள். மறுநாள் அதைக் காகிதப் பையில் கொட்டி, வாசலுக்கு வருகிற முதல் பிள்ளையிடம் கொடுத்தாள். முப்பத்தியொரு கிறிஸ்துமஸ். கடைசி மூன்று நான்கு வருஷம் கை நடுங்கியதால் நேட்டா கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, அவள் கடலை போட்டாள்.

1993 ஏப்ரலில் அம்மா இறந்தாள். ஜூனில் பிள்ளைகள் மூவரும் உட்கார்ந்து சாமானைப் பிரித்துக்கொண்டார்கள். கடிகாரம் ஆப்ராமுக்கு, பெட்டி சாராவுக்கு, தையல் மெஷின் நேட்டாவுக்கு. அவரவர் கிண்ணத்தை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். டீட்ரிக்கின் கிண்ணம் மேஜையில் இருந்தது. அப்போது ஆப்ராமின் மனைவி மிச்சச் சாமானைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள்; நானும் சூப் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேதான் நின்றேன்.

"நேட்டா, நீயே எடுத்துக்கோயேன்" என்றார் ஆப்ராம்.

"வேண்டாம்ணே, சாரா எடுத்துக்கட்டும்."

"ஐயோ, எனக்கெதுக்கு? மூத்தவர் நீங்க இருக்கீங்களே அண்ணே."

"எனக்கு வேண்டாம்மா. நேட்டாதான் அம்மாகூட இருந்தவ."

"பரவால்ல, சாராகிட்டயே இருக்கட்டும்."

மூவருக்கும் அந்தக் கிண்ணம் வேண்டும். மூவர் முகத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறது. மூன்று சுற்று வந்தது, ஒருத்தராவது "சரி, நீ இவ்வளவு சொல்றதால" என்று கையை நீட்டவில்லையே! வேறு எந்த ஊரிலாவது இப்படி நடக்குமா? கிண்ணம் மேஜையிலேயே கிடந்தது. ஒருவர் எடுத்திருப்பார் என்று மற்றவர் நினைத்துக்கொண்டு மூவரும் எழுந்து போனார்கள்.

நவம்பரில் கடிதம் வந்தது. அம்மா போன செய்தியை நேட்டா அந்தப் பழைய தபால் அட்டை முகவரிக்கு எழுதிப் போட்டிருந்தாள். அது எங்கெங்கோ சுற்றி எப்படியோ அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான்கே வரி. "இருபத்தி நாலாம் தேதி சாயங்கால பஸ்ஸில் வரலாமா? ரெண்டு நாள் தங்கினால் போதும். தொந்தரவு என்றால் எழுது, வரவில்லை. டீட்ரிக்."

நேட்டா கடிதத்தை என் அடுக்களைக்கே எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கோட்டுகூடப் போடவில்லை, அந்தக் குளிரில்.

"சூஷ், அவன் வந்து உக்காரும்போது அந்தக் கிண்ணம் அவன் இடத்துல இருக்கணும்டி. அம்மா அவன மறக்கலன்னு நான் வாயால சொன்னா நம்புவானா? தொந்தரவான்னு கேட்டு எழுதியிருக்கான் பாரு. கிண்ணத்தப் பாத்தா நம்புவான்."

உடனே ஆப்ராமுக்குப் போன் போட்டாள். "சாராகிட்ட இல்லையா?" என்றார். சாராவுக்குப் போட்டாள். "உங்கிட்டதான் இருக்குன்னு நெனச்சேன்" என்றாள் அவள். நேட்டா என் அடுக்களை நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்து அறையலாம் போலிருந்தது.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை. ஆப்ராமின் மனைவி தீனா கடைப் பின்வாசலில் காரை நிறுத்தி நான்கு அட்டைப்பெட்டிகளை இறக்கினாள். "கராஜில கார் நிறுத்த எடமில்ல, ஜூன்லேருந்து கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரண்டாவது பெட்டியில் ஜாடி மூடிகளுக்கு நடுவே அந்தக் கிண்ணம் இருந்தது. யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று அவளே எடுத்துப் பெட்டியில் போட்டிருக்கிறாள், பாவம். அவள்மேல் என்ன தப்பு? காதால் கேட்டதை நம்பியவள் அவள் ஒருத்திதான்.

நேட்டா கிண்ணத்தைக் கவிழ்த்து அடியில் கீறலைப் பார்த்தாள். விளிம்பில் விரலை ஓட்டினாள். பிறகு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அதைக் கழுவித் துடைத்து, விலைச் சீட்டு ஒட்ட ஆரம்பித்தாள்.

"என்னடி பண்ற?" என்றேன்.

"நாளைக்கு அலமாரியில இருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலைல வாங்கிக்கறேன். அவன் சாயங்காலம்தான வர்றான்."

"உனக்குக் கிறுக்கா? இது உங்க வீட்டுச் சாமான்! தவறிப்போய் வந்தது!"

"உன் அச்சும் தவறிப்போய்தான் வந்தது" என்றாள், என்னைப் பார்க்காமல்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் என் மனசின் ஒரு மூலையில், "படட்டும், இவளும் ஒரு தடவை படட்டும்" என்று ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. சபையில் எழுந்து சொல்ல வேண்டிய பாவம் அது. இங்கேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் மறுநாள் காலையில் அந்தக் கிண்ணம் தனியாக அலமாரியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் என் சந்தோஷமெல்லாம் எங்கோ போய்விட்டது. துணியை விட்டுவிட்டு நான் பாத்திர அலமாரிக்குக் காவல் நின்றேன். பொய் சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் உண்மையையே வேண்டிய அளவுக்குச் சொல்லலாம் இல்லையா?

முதலில் வந்தவர் ஒரு பன்றிப் பண்ணைக்காரர். நாய்க்குச் சோறு வைக்க ஒரு பாத்திரம் வேண்டுமாம்.

"இதுல எனாமல் உதிருது" என்றேன். "உங்க நாய் வயித்துல போனா?"

"என் நாய் பூட்ஸையே தின்னுது."

"அப்ப அலுமினியம் பாருங்க, இது கடிச்சா பல்லு போயிடும்."

அலுமினியச் சட்டியை வாங்கிக்கொண்டு போனார். அடுத்து வந்த டீச்சரம்மா பூச்செடி நட வேண்டும் என்றாள். அடியில் ஓட்டை இல்லை, தண்ணீர் தேங்கி வேர் அழுகும் என்று உள்ளபடியே சொன்னேன். மத்தியானம் வரை நான்கு பேரைத் திருப்பி அனுப்பினேன். பின்கட்டுத் திரைக்குப் பின்னால் நேட்டா ஒரே சட்டியை இருபது தடவை துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடை மூட அரைமணி இருக்கும்போது ஏவா பான்மன் வந்தாள். மெக்சிகோவில் இருக்கும் எங்கள் சபையார் குடியிருப்பிலிருந்து அந்த இலையுதிர் காலத்தில்தான் குடும்பத்தோடு வந்திருந்தாள். பூப்போட்ட நீளப் பாவாடை, மேலே யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு. கையைப் பிடித்தபடி ஐந்து வயதுப் பெண். நேரே பாத்திர அலமாரிக்கு வந்தாள்.

"அத்தே, ஒரு கிண்ணம் வேணும். பெருசாவும் வேண்டாம், சின்னதாவும் வேண்டாம்."

"எதுக்கும்மா?" என்றேன், தெரிந்துகொண்டே.

"நாளைக்கு வெக்கத்தான். ஆறு பிள்ளைங்களுக்கு ஆறு கிண்ணம் மெக்சிகோலேருந்து கொண்டுவந்தோம். வர்ற வழியில இவளோடது காணாமப் போச்சு. ரெண்டு மாசமா ஒரே அழுகை. கிண்ணம் இல்லேன்னா தனக்கு ஒண்ணும் வராதாம்."

அந்தப் பெண்ணோ ஏற்கெனவே நீலக் கரைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து வயிற்றோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அதுல... விளிம்பு உதிர்ந்திருக்கு பாரு" என்றேன்.

"கடலை அதுல ஒழுகிடுமா அத்தே?" என்று ஏவா சிரித்தாள்.

வேறு கிண்ணம் எதுவும் அலமாரியில் இல்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கே இருக்கும்? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இது நேட்டாவின் தம்பியுடையது, முப்பத்தியொரு வருஷம் கழித்து நாளைக்கு வருகிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏவா அந்த நொடியே கீழே வைத்துவிடுவாள். எங்கள் ஜனம் அப்படி. அதற்குள் திரை விலகியது. நேட்டா வந்தாள். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"உன் பேரென்னம்மா?" என்று குனிந்து கேட்டாள்.

"கிரேத்தா."

"கிரேத்தா, நாளைக்கு இத எங்க வெப்ப?"

"என் எடத்துல. ஜன்னல் பக்கம்."

நேட்டா கிண்ணத்தை வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, மறுபடி அந்தக் கையில் கொடுத்தாள். அவளே கதவைத் திறந்துவிட்டாள். கார் போகிறவரைக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! "மடச்சி! இன்னும் அரைமணி நேரம்டி! நான் நாய்க்காரனை விரட்டினேன், பூக்காரியை விரட்டினேன், நீ உன் கையால கட்டிக் குடுக்கற! நாளைக்கு உன் தம்பி முன்னாடி என்னத்த வெப்ப?"

"தெரியல சூஷ்" என்றாள். "ஆனா கிண்ணமில்லாத பிள்ளைகிட்டேருந்து எப்படிடி பிடுங்கறது? வெங்காயம் கெடச்ச அன்னைக்கு அவன் முகத்த நான் பாத்திருக்கேன்."

பிறகு அவளே சொன்னாள்.

"உன் அச்ச அன்னைக்கு நான் உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கணும். சுவத்துல மாட்டறவளுக்குப் போகும்னு எனக்கு என்ன தெரியும்? எட்டு வருஷமா உங்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன்."

"எட்டு வருஷமா தெனம் என் கார்ல வந்தியே, அப்ப வாயில என்ன இருந்தது?"

"சூரியகாந்தி விதை" என்றாள். சிரித்துவிட்டு அழுதாள். நானும்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் குளிரில் எஞ்சின் உறையாமல் இரவெல்லாம் காரில் மாட்டியிருந்த கரண்டு வயரைப் பிடுங்கிவிட்டு ஏவா வீட்டுக்கு விட்டேன். நேட்டாவிடம் சொல்லவில்லை. என் கிண்ணத்தைக் கொண்டுபோயிருந்தேன். நல்ல பெரிய கிண்ணம், ரோஜாப்பூ போட்டது, ஒரு கீறல் கிடையாது. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஏவா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை, "அதுக்கென்ன அத்தே" என்று உள்ளே திரும்பினாள். கிரேத்தா அதற்குள் ஜன்னல் பக்கம் தன் இடத்தில் கிண்ணத்தை வைத்து, இரண்டு கையும் அதைச் சுற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா கேட்டதும் பேசாமல் எடுத்து நீட்டினாள். உதடு மட்டும் துடித்தது. அழவில்லை. ஐந்து வயதிலேயே விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம் நாங்கள்.

"வேண்டாம் கண்ணு, அது உன்னோடதுதான்" என்று சொல்லிவிட்டேன். என் கிண்ணத்தையும் ஏவாவிடமே கொடுத்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைக்கு வந்தேன்.

கடை மூடும் நேரம் நேட்டா அலமாரியின் அடித்தட்டில் குனிந்து எதையோ இழுத்தாள். ஒரு பழைய பால் வாளி. ஆகஸ்டிலிருந்து அங்கேயே கிடந்தது, யாரும் சீண்டவில்லை. காசு கொடுத்து வாங்கினாள்.

"மாடு எப்ப வாங்கின?" என்றேன். எனக்கு எரிச்சல். போகிற வழியில் மளிகைக் கடையில் நிறுத்தச் சொன்னாள். அவள் வாங்கிய கடலையையும் ஆரஞ்சையும் இரண்டாவது நடை காருக்குத் தூக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலம் பஸ் வந்தது. இறங்கியவனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஒல்லியாக, நரைத்த தாடி, சின்னப் பை ஒன்று, இடக்கையில் இரண்டு விரல் இல்லை. நேட்டாதான் நேரே போய் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பாஷை அவன் வாயில் துருப்பிடித்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடிப் பேசினான். காரில் பின்சீட்டிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அம்மா என்னைப் பத்தி எதாவது சொன்னாங்களா?"

"காலைல சொல்றேன்" என்றாள் நேட்டா. "நீ முதல்ல சாப்பிடு."

கிறிஸ்துமஸ் காலை ஒன்பதரைக்கு அவர்களை ஆராதனைக்கு ஏற்றிப்போக நான் வாசலில் போய் நின்றேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன்.

டீட்ரிக் மேஜையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் அந்தப் பால் வாளி. விளிம்பு வரைக்கும் கடலையும் மிட்டாயும் மிளகு பிஸ்கட்டும். அதற்கு மேலே, வாளி கொள்ளாமல் மேஜை முழுக்க ஆரஞ்சுப் பழங்கள். அவன் எதையும் தொடவில்லை. நேட்டா எதிரில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தியொரு ஆரஞ்சுடா. எண்ணிக்கோ. வருஷா வருஷம் அம்மா உன் கிண்ணத்த உன் எடத்துல வெச்சாங்க. ஒரு வருஷம் தவறல. அப்பா இருந்தப்பவும் வெச்சாங்க, அவர் ஒண்ணும் சொல்லல. அந்தக் கிண்ணம் இப்ப ஒரு சின்னப் பொண்ணுகிட்ட இருக்கு. அதான் வாளி. நீ வராத எல்லா வருஷத்துக்கும் சேத்து."

அவன் மெதுவாக அந்த மூன்று விரல் கையை வாளிக்குள் விட்டான். கடலைக்குள் முழங்கை வரை போயிற்று. அடியில் துழாவினான். ஒரு பக்கம், மறுபக்கம். பிறகு கையை எடுத்து நேட்டாவைப் பார்த்தான்.

"வெங்காயம் இல்லையா?"

"இல்லடா."

எட்டு வயதில் அழாததை ஐம்பது வயதில் அழுதான். வாளியின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். நான் பூட்ஸோடு அடுக்களை நடுவில் நின்றேன், தரையெல்லாம் பனி உருகி ஓடியது. ஒருத்தரும் திட்டவில்லை.

நேரமாகிவிட்டது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "நாளைக்கு மத்தியானம் பஸ்ஸு" என்றான், என்னிடம் சொல்கிற மாதிரி. "ரொம்பச் செலவு வெச்சுட்டேன்."

நேட்டா ஜன்னல் பக்கம் பார்த்தாள். போச்சு, இதையும் விட்டுக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் திரும்பினாள்.

"போகாதடா" என்றாள். "எனக்கு வேணும். நீ இங்க வேணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டது அப்போதுதான்.

"வேண்டாம் நேட்டா, உனக்குச் சிரமம்" என்றான் அவன்.

"பின்னறை காலியாத்தான் கெடக்கு. இரு."

"இல்ல, ஊர்ல என்ன பேசுவாங்க, வேண்டாம்."

மூன்றாம் தடவை கேளுடி, கேட்டுத்தொலையேன் என்று வாய்வரை வந்துவிட்டது. நேட்டா மேஜையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து, அவனுடைய அந்தக் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"டீட்ரிக், இரு."

அவன் கையைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான்.

"சரி" என்றான். "நீ இவ்வளவு சொல்றதால."